ஓடாவியார் செய்த துவக்குப் பெட்டி

எங்கள் ஒழுங்கையில் ஒருமுறை ஒரு சவ அடக்கம் இரண்டு மணித்தியாலம் பிந்தியது. சவப்பெட்டியின் மூடி ஒரு மூலையில் சரியாகப் படியவில்லை என்று சொல்லி, ஓடாவியார் அதைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பிப் போய்விட்டார். செத்தவர் நடுவீட்டில் கிடக்கிறார். அழுதவர்கள் அழுது முடித்துத் தேத்தண்ணியும் குடித்தாயிற்று. பாதர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் தானே பட்டறைக்கு நடந்தார்.

"மண்ணுக்குள்ள போற பெட்டிதானே ஓடாவியார். இப்பிடியே விடுங்க."

"மண்ணுக்குள்ள போறபடியால்தான் பாதர். போனாப் பிறகு திறந்து திருத்த விடுவீங்களா?"

பாதர் ஒரு வாங்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். வேறு என்ன செய்வது?

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த நீளமான பெயர் ஒன்று இருந்தது. அதை முழுதாகச் சொல்லி அழைத்தவர் அவருடைய மனைவி ஒருவர்தான், அதுவும் கோபம் வந்த நாட்களில் மட்டும். மரவேலை செய்கிறவரை எங்கள் பக்கம் ஓடாவி என்போம். பட்டணத்தில் எத்தனையோ ஓடாவிகள் இருந்தார்கள். ஆனால் ஓடாவியார் என்று மொட்டையாகச் சொன்னால் அது இவர்தான். பறங்கியர். வீட்டுக்குள்ளே அவர்கள் பேசிக்கொண்டது தாத்தா பூட்டன் காலத்துப் போர்த்துக்கீசம். வெளியே வந்தால் அவர் பேசிய மட்டக்களப்புத் தமிழில் எங்கள் தமிழ்கூடத் தோற்றுப்போகும்.

மற்றவர்களுடைய அடிமட்டத்தை அவர் நம்பமாட்டார். தன்னுடைய தகப்பன் வைத்திருந்த மடக்குக் கோல் ஒன்றுதான் உலகத்தில் சரியானது என்பது அவருடைய முடிவு. ஒருமுறை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க நான் கடையில் ஒரு கோல் வாங்கி வந்தேன். வழியில் மறித்து, வாங்கி, தன்னுடைய கோலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது ஒரு நூல் நீளம் புள்ள. கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்க. புள்ளையளுக்குப் பொய் படிப்பிக்கக் கூடாது."

ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் நூல். அவர் வாயில் அது எல்லாவற்றுக்கும் அளவு. அம்மா வைத்த கறியில் உப்பு ஒரு நூல் கூட. பாதரின் பிரசங்கம் இரண்டு நூல் நீளம். எங்கள் வீட்டு அலுமாரிக் கதவு ஒரு நூல் தொங்குகிறது என்று சொல்லி, அரை மணித்தியால வேலைக்கு வந்தவர் இரண்டு நாள் இருந்தார். பின்னேரமானால் உளியைத் துடைத்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு போடுவார். அந்தக் கதவு இன்றைக்கும் விரலால் தொட்டால் போதும், சத்தமில்லாமல் மூடும். அம்மா அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

கலியாண வீடுகளில் அவர் வயலின் வாசிப்பார். பறங்கியரின் ஆட்டத்துக்கு வயலின் இல்லாமல் கால் எழும்பாது. ஒரு கலியாணத்தில் ஆட்டம் உச்சத்துக்கு வந்த நேரம் வில் நின்றுவிட்டது. ஆடியவர்கள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். ஓடாவியார் நேரே கலியாணப் பொம்பிளையிடம் போய், "கொஞ்சம் எழும்புங்க புள்ள" என்று சொல்லி, அவள் இருந்த கதிரையைக் கவிழ்த்து, ஆடிக்கொண்டிருந்த காலுக்கு ஒரு சீவல் மரம் செருகித் தட்டிவிட்டு, திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து வாசித்தார். அவருடைய மனைவி அன்றைக்கு அந்த நீளப் பெயரை முழுதாகச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் அப்பா, பன்னிரண்டு நாளில் முடிக்க வேண்டும் என்ற தவணையில், ஒரு பெட்டி செய்யக் கொடுத்தார்.

பெட்டி துவக்குக்கு. அப்பாவின் தகப்பன், குளம் கட்ட வந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரிடம் வாங்கிய ரெட்டைக் குழல் துவக்கு அது. குழலும் மரப் பிடியான பிடங்கும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் வெள்ளித் தகடு. ஒரு பக்கத் தகட்டில் ஒரு நாய், மறு பக்கத் தகட்டில் ஒரு பறவை. நாய் எத்தனை வருசமாகத் தேடினாலும் பறவை அந்தப் பக்கம் இருப்பது அதற்குத் தெரியப் போவதில்லை. சின்ன வயதில் எனக்கு அந்த நாயைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வெல்லாவெளிக்கு அங்கால, எங்களுக்கு ஒரு வட்டை வயல் இருந்தது, அதனால் ஊரில் அப்பாவைப் போடியார் என்பார்கள். கதிர் முற்றும் நேரம் பன்றி இறங்கினால் அப்பா ஒரு வெடி வைப்பார். எனக்குத் தெரிய ஒரு பன்றியும் விழுந்ததில்லை. சத்தத்துக்குப் பன்றி ஓடும், அப்பா வெற்றியோடு வந்து உட்கார்ந்து துவக்கைக் கழற்றித் துடைப்பார். துடைப்பதற்காகத்தான் சுடுகிறார் என்று அம்மா சொல்வார்.

"என்னக் கட்டின நாளில இருந்து இந்த மனிசன் என்ட முகத்த இப்பிடி ஒருநாள் பாத்ததில்ல."

சண்டை தொடங்கிய முதல் வருசங்கள் அவை. அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதைப் பொலிசில் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தல் வந்தது. நிலைமை சீரானதும் திருப்பித் தருவார்களாம். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகும் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று அறிவித்தலில் எழுதியிருக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் விளங்கியது. மறுபக்கம் இயக்கப் பொடியன்களும் யார் யார் வீட்டில் துவக்கு இருக்கிறது என்று விசாரித்துத் திரிந்தார்கள்.

அப்பா முதலில் வெறுங்கையோடு போய்ப் பொலிஸ் நிலையத்தைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சாப்பிடவில்லை.

"விறகு மாதிரி அடுக்கிக் கிடக்கு. கூரை ஒழுகுது. என்ட துவக்க அதுக்குள்ள போடுறதுக்கு வாவியில போடலாம்."

"சாக்கில சுத்திக் குடுங்க" என்றார் அம்மா.

அப்பா அம்மாவைப் பார்த்த பார்வையில், சாக்கில் சுற்ற வேண்டியது துவக்கை அல்ல என்று தெரிந்தது. மறுநாள் காலை துவக்கை மூன்று துண்டாகக் கழற்றிக் கட்டிக்கொண்டு, என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

"நாலு பலகை, ஒரு மூடி, பூட்டு. மழை போகாம இரிந்தாக் காணும் ஓடாவியார்."

ஓடாவியார் துவக்கின் குழலைக் கையில் எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளப் பார்த்தார். பிடங்கை எடுத்துத் தடவினார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தும் பார்த்தார். அப்பாவின் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு நிம்மதி. தன்னைப்போல் இன்னொரு பைத்தியம் உலகத்தில் இருக்கிறது என்ற நிம்மதி.

"நாலு பலகை அடிக்கிறதெண்டா நீங்க இஞ்ச வந்திருக்கமாட்டீங்க போடியார். வைச்சிட்டுப் போங்க. இதப் பக்கத்தில வைச்சுக்கொண்டுதான் வெட்ட வேணும்."

"நாய் மேல் பக்கமாக் கிடக்க வேணும். மூடியத் திறந்தா நாய் தெரிய வேணும்" என்றார் அப்பா.

"அத நீங்க எனக்குச் சொல்ல வேணுமா?"

மரம் தேர்ந்தெடுக்க மூன்று நாள் போயிற்று. பாதரின் கோயிலில் கழித்துவிட்ட பழைய வாங்குகளின் தேக்குத்தான் வேண்டுமாம். "எத்தின வருசமா மனிசர் ஏறி இருந்தும் வளையாத பலகை புள்ள. இனி வளையாது." மூலைகளில் ஆணி இல்லை. ஒரு பலகையின் பல்லும் மற்றப் பலகையின் பல்லும் விரல் கோத்ததுபோல இறங்க வேண்டும், அதற்கு இரண்டு நாள். வச்சிரம் காய்ச்சி ஒட்டி, காய விட்டதில் இன்னும் ஒரு நாள். உள்ளே விரிக்கக் கிளப்பில் கிழிந்துபோன பில்லியர்ட் மேசையின் பச்சைத் துணியை எப்படியோ வாங்கி வந்துவிட்டார். அப்பா தினமும் காலையில் போய், "ஓடாவியார், நாள் போகுது" என்பார். "போகட்டும் போடியார், நாள் என்ட கையில இல்லையே" என்பார் அவர்.

நேரம் எடுத்தது மட்டும் என்றால் பரவாயில்லை. செய்த வேலையை ஒளித்து வைக்க அவருக்குத் தெரியாது. ஒழுங்கையில் போன வந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு அந்த மூலைப் பொருத்தைக் காட்டினார். மீன்காரி பார்த்தாள். தபால்காரர் பார்த்தார். பொலிஸ் நிலையத்திலிருந்து கால் உடைந்த கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்த கான்ஸ்டபிளும் பார்த்தார். பொலன்னறுவைப் பக்கத்து மனிதர் அவர், அரைகுறைத் தமிழ். "உங்கட ஸ்டேசனுக்குத்தான் வரப்போகுது ஐயா, மழையில வைச்சிராதீங்க" என்று ஓடாவியார் அவரிடமே சொல்லியிருக்கிறார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஒளிச்சு வைக்க வேண்டிய சாமான, இந்த மனிசன் திருவிழாச் சாமி மாதிரித் தெருவில வைச்சிரிக்கான்!"

திங்கட்கிழமை பெட்டி ஒருமாதிரி உருவாகி, துணி மெத்தை மட்டும் மிச்சம் என்று வந்த நேரம், அவர் புதிதாக ஒன்றைக் கிளப்பினார். மூடியின் உள்பக்கத்தில் எழுத்து வெட்ட வேண்டுமாம். அப்பாவின் பெயர், அனுமதிப்பத்திர இலக்கம், 'பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது, உரியவரிடம் திருப்பிக் கொடுக்கவும்' என்ற வாசகம். தமிழ், ஆங்கிலம், சிங்களம் மூன்றிலும். ஆசிரியர் கலாசாலையில் ஒரு தோழியிடம் நான் சிங்களம் படித்திருந்தேன். அதனால் எழுதிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அப்பாவுக்கு வந்ததே கோபம். "வெள்ளிக்கிழமை தவணை! எழுத்து யார் கேட்டது? நாலு நாளில நான் மறியலுக்குப் போகப் போறன், நீங்க கல்வெட்டு வெட்டுறீங்களா?"

"விலாசம் இல்லாத பெட்டி அநாதைப் பெட்டி போடியார். நாளைக்கு அந்த அறையில நூறு துவக்குக்குள்ள இது ஆருடையது எண்டு ஆரு சொல்லுவான்?"

"சும்மா ஒரு கடதாசியில எழுதி ஒட்டுங்களன்!"

கடதாசி என்ற சொல்லைக் கேட்டதும் ஓடாவியார் உளியைக் கீழே வைத்துவிட்டார். அப்பா பயந்து போய், "சரி சரி, வெட்டுங்க" என்று வந்துவிட்டார்.

அன்று பின்னேரமே தமிழும் சிங்களமும் முடிந்துவிட்டன. கதிரையைத் திருப்பி எடுக்க வந்த கான்ஸ்டபிள் அதைச் சத்தமாக வாசித்துச் சிரித்துவிட்டுப் போனாராம். ஆங்கிலம் செவ்வாய் முழுக்க இழுத்தது. இலக்கத்தைச் சரிபார்க்க நான் அனுமதிப்பத்திரத்தோடு பட்டறைக்குப் போன புதன்கிழமை காலை, இரண்டு சைக்கிளில் மூன்று பொடியன்கள் வந்து இறங்கினார்கள். வயது இருபதுக்கு மேல் இராது. நெட்டையாக இருந்தவன் சேட்டை வெளியே விட்டிருந்தான். சேட்டுக்குள் இடுப்பில் ஏதோ புடைத்துக்கொண்டு இருந்தது.

"ஓடாவியார், போடியார்ர துவக்கு இஞ்ச இரிக்காம். எடுங்க."

ஓடாவியார் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் முடியல்ல தம்பி."

"எங்களுக்குப் பெட்டி வேணாம். துவக்குத்தான் வேணும்."

அவருடைய முகம் சுருங்கிப்போனது. துவக்கைக் கேட்டது பெரிதாகப் படவில்லை. பெட்டி வேண்டாம் என்றதுதான் பட்டது.

"பெட்டி வேணாமா? அப்ப எதில கொண்டு போவீங்க?"

"சாக்குக் கொண்டு வந்திரிக்கம்."

அவர் நெட்டையனையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், கட்டிலில் விரித்திருந்த வெள்ளைத் துணியை மனைவியின் கண்முன்னாலேயே உருவிக்கொண்டு வந்து, துவக்கின் மூன்று துண்டையும் தனித்தனியாகச் சுற்றிக் கட்டினார். மறுக்கவில்லை, கெஞ்சவில்லை. மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரம் அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நாலு பலகையை அடித்துக் கொடுத்திருந்தால் அந்தத் துவக்கு அப்போது பொலிசில் இருந்திருக்கும், எங்களுக்கு ஒரு தொல்லையும் இருந்திருக்காது. அவரோ நெட்டையனோடு வேலி வரைக்கும் போய், கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டு நின்றார். எண்ணெய் போடும் விதம் சொல்கிறார் என்று நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

வெள்ளிக்கிழமை அப்பா வெறுங்கையோடு பொலிசுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். பயங்கரவாதிக்குத் துவக்குக் கொடுத்துவிட்டு வந்து கதை சொல்கிறாய் என்றார்களாம். அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வரவில்லை, மறியலில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். நானும் அம்மாவும் போனோம், பார்க்க விடவில்லை. திங்கட்கிழமை முகாமுக்கு அனுப்பப் போவதாக வாசலில் நின்ற ஒருவர் சொன்னார். அங்கே போனவர்கள் திரும்பி வந்த கதைகளும் உண்டு, வராத கதைகள்தான் அதிகம்.

சனிக்கிழமை முழுக்க அம்மா அடுப்பு மூட்டவில்லை. ஒழுங்கையின் அடியிலிருந்து உளிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. துவக்குப் போய்விட்டது, துவக்குக்காரன் மறியலில், இந்த மனிதர் இன்னும் பெட்டி செய்கிறார்! அம்மா படலையில் நின்று ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. உளிச் சத்தம் ஒரு கணம் நிற்கும், பிறகு தொடரும். அன்றைக்கு நானும் அவரை மனதார வெறுத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்த நேரம் எங்கள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஓடாவியார்தான். கறுப்புக் கோட்டு, கழுத்துப் பட்டி, சப்பாத்து. சைக்கிளின் பின்னால் கயிறு போட்டுக் கட்டியபடி பெட்டி.

"பொலிசுக்குப் போவம் புள்ள. எனக்குச் சிங்களம் வராது."

"வெறும் பெட்டிய வைச்சு என்ன செய்யிறது?" என்று கத்தினேன்.

"வெறும் பெட்டியா? நல்லாப் பாருங்க" என்று மூடியைத் திறந்தார்.

பச்சைத் துணியில் துவக்கு கிடந்தது. அதாவது, துவக்கு இல்லை. குழல் கிடக்க வேண்டிய இடத்தில் குழலின் பள்ளம், பிடங்கு கிடக்க வேண்டிய இடத்தில் பிடங்கின் வளைவு, சுட்டு விரல் வைக்கும் வளையத்துக்குக்கூட ஒரு சின்னக் குழி. மூடியில் மூன்று மொழியிலும் அப்பாவின் பெயர். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வைய வாயெடுத்தவர், வையாமல் உள்ளே போய் எனக்குச் செருப்பை எடுத்துக் கொண்டுவந்து தந்தார்.

இன்ஸ்பெக்டர் பெட்டியை மேசையில் வைக்கச் சொன்னார். மூடியின் எழுத்தை வாசித்தார். என்னிடம் எப்போது வெட்டியது என்று கேட்டார். நான் சொன்னேன். நம்பாமல் சிரித்தார், நேற்று வெட்டியிருப்பீர்கள் என்றார். அப்போது கதவடியில் நின்ற கான்ஸ்டபிள் விறைத்து நின்று ஒரு சல்யூட் அடித்தார். நிலையத்துக் கதிரைக்குக் கால் போட்டவர் இவர்தான், போன திங்கட்கிழமை நான் கதிரை எடுக்கப் போனபோதே சிங்கள எழுத்து அதில் இருந்தது, நான் வாசித்தேன் என்று சொன்னார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து பச்சைத் துணிப் பள்ளத்தில் விரலை வைத்துத் தடவினார். விரலை மணந்து பார்த்தார். எண்ணெய்.

"துவக்கு இதில் கிடந்ததா என்று கேள்" என்றார் என்னிடம்.

"கிடந்துதானே அளவு பாத்தது" என்றார் ஓடாவியார்.

அனுமதிப்பத்திரத்தில் இருந்த குழலின் நீளத்தைப் பார்த்து, பள்ளத்தை அளக்கச் சொன்னார்கள். அவர்களுடைய அளவு நாடாவைக் கண்டதும் ஓடாவியார் தன்னுடைய மடக்குக் கோலை எடுத்து நீட்டினார். அதில் அளந்தும் சரியாக வந்தது. பிறகு ஒப்படைத்த துவக்குகள் கிடந்த அறையிலிருந்து வேறு நாலைந்து துவக்குகளைக் கொண்டுவந்து கிடத்திப் பார்த்தார்கள். ஒன்றும் இறங்கவில்லை. துருப்பிடித்த குழல் துணியில் உரசும்போதெல்லாம் ஓடாவியார் "மெல்ல ஐயா, மெல்ல ஐயா" என்று முனகினார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் இன்ஸ்பெக்டருக்கு விளங்கிவிட்டது. அந்த மனிதர் முதல்முறையாக உண்மையாகவே சிரித்தார். துவக்கை இயக்கத்துக்குக் கொடுக்க நினைக்கிறவன் பொலிசின் பெயரை வெட்டி அதற்கு இப்படி ஒரு மெத்தை போடமாட்டான் என்றார்.

அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். பெட்டியை அவர்களே வைத்துக்கொண்டார்கள், விசாரணைக்குத் தேவையாம். இரண்டு நாள் தாடியோடு அப்பா வெளியே வந்ததும் நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். திரும்பிப் பார்த்தால் ஓடாவியாரைக் காணவில்லை. உள்ளே ஓடினேன். கான்ஸ்டபிளிடம் திருப்புளி கேட்டு வாங்கி, மூடியைப் பெட்டியோடு சேர்க்கும் பிணைச்சலின் திருகாணிகளைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஒண்டின்ட தலையில இரிக்கிற வெட்டு மட்டும் நேரா நிக்கல்ல புள்ள. ஒரு நிமிசம்."

அப்பா வந்து, வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக, அவருடைய கோட்டுக் கொலரைப் பிடித்து வெளியே இழுத்தார். அதற்குப் பிறகு பல வருசம், எங்கே கண்டாலும் ஓடாவியார் அப்பாவிடம் சுகம் விசாரிப்பதில்லை. "அந்த ஒரு திருகாணி, போடியார்" என்றுதான் தொடங்குவார்.

பெட்டி பிறகு எங்கே போனதென்று தெரியாது. துவக்கும் அப்படியே. ஊரில் நடந்த மற்றவற்றோடு பார்த்தால் இரண்டும் பேசத்தக்க இழப்பே அல்ல. நாங்கள் வயலையும் சில வருசம் இழந்தோம், சொந்தத்தில் ஆட்களையும் இழந்தோம். அப்பா அந்தத் துவக்கைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார்.

சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலத்தில், ஓடாவியாரின் பேத்திக்குக் கலியாணம் நடந்தது. மண்டபத்தில் அப்பாவும் அம்மாவும் நானும் ஒரு மேசையில். வயலினை வைத்துவிட்டு இளைப்பாற வந்த ஓடாவியார் எங்களோடு உட்கார்ந்தார். முதலில் கதிரையை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அப்பாவுக்கு அன்றைக்கு நல்ல மனநிலை.

"ஒண்டு கேக்க வேணும் எண்டு கனகாலமா நினைச்சன் ஓடாவியார். துவக்குக் கையில இல்லாம அந்த மெத்தைய எப்பிடி அவ்வளவு அளவா வெட்டினீங்க?"

"என்ன கதை போடியார் கதைக்கிறீங்க? துவக்கு இல்லாம மெத்தை வெட்டேலுமா?"

அப்பாவின் கையில் இருந்த கேக் துண்டு வாய்க்குப் போகாமல் நின்றது.

"சனிக்கிழமை பின்னேரம் கொண்டு வந்தாங்களே" என்றார் ஓடாவியார், மழை பெய்த செய்தி சொல்வதுபோல. "அந்த நெட்டைப் பொடியன். எடுத்துக்கொண்டு போற அண்டே நான் வேலியடியில வைச்சுச் சொல்லி விட்டனான். தம்பி, துவக்கு உங்களுக்கு, பெட்டி போடியாருக்கு, ஒரு மணித்தியாலம் மட்டும் கொண்டுவந்து தாங்க எண்டு. சொன்னபடி வந்தான். நல்ல பொடியன்."

"சனிக்கிழமை நான் மறியலுக்குள்ள கிடந்தன்" என்றார் அப்பா மெல்ல.

"ஓம். அதாலதான நானும் அவசரப்பட்டன்."

"அப்ப என்ட துவக்கு உங்கட கையில இரிந்தது. திருப்பிக் குடுத்தீங்க."

"ஒரு மணித்தியாலத்துக்கு எண்டு வாங்கின சாமான் போடியார். அவன் பக்கத்தில நிண்டான். இடுப்பில என்னத்தையோ வைச்சிரிந்தான், அத நான் கேக்கல்ல."

அம்மா என் தொடையைக் கிள்ளினார். இனி என்ன வெடிக்கப் போகிறதோ என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளும் மறியலுக்குள்ளே அப்பா என்ன பட்டார் என்று அவர் எங்களுக்குச் சொன்னதே இல்லை. அவர் கேக்கைத் தட்டில் வைத்தார். விரலைத் துடைத்தார். மேசையில் முன்னால் சாய்ந்தார்.

"இறங்கிச்சா?" என்றார்.

"அரை நூல் இடைவெளி இல்ல" என்றார் ஓடாவியார். அவருடைய குரலும் தணிந்துவிட்டது. "குழல வைச்சன், அப்பிடியே உள்ள போச்சு. பிடங்கு தானாப் படிஞ்சுது. எடுக்க எனக்கு மனம் வரல்ல போடியார். அந்தப் பொடியனுக்கும் மனம் வரல்ல. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டம்."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை.

"நாய்?" என்று கேட்டார்.

"மேலதான் போடியார். நாயக் கீழ போடுவனா?"